மூன்று சிலிண்டர், நாலு சில்லு

திருகோணமலை மாவட்டத்தின் கிளிவெட்டிப் பக்கத்துக் கராச்சுகளில் டொயோட்டா விட்ஸ் காருக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஒன்று பிரேக் லைனிங் மாற்ற வந்திருக்கும், இன்னொன்று ரேடியேட்டர் ஒழுக்கோடு நிற்கும். நான் போன அன்றும் ஜாக்கியில் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது ஒரு வெள்ளை விட்ஸ்தான். ஆனால் அதைச் சுற்றி நின்ற ஐந்தாறு பொடியன்களின் பேச்சு முழுவதும் அதன் இரத்த உறவான இன்னொரு காரைப் பற்றி இருந்தது. அந்தக் கார் கிளிவெட்டியில் யாரிடமும் இல்லை. மூதூரிலோ தோப்பூரிலோ கண்டதாகவும் எவரும் சொல்லவில்லை. இருந்தும் அதன் எடை, வலு, கியர் எண்ணிக்கை எல்லாம் அவர்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஜிஆர் யாரிஸ்.

விட்ஸ் என்று நாம் அழைத்த காருக்கு வெளிநாடுகளில் யாரிஸ் என்றுதான் பெயர். 2020இல் ஜப்பானும் பழைய பெயரைக் கைவிட்டு அதையே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜனவரியில் தோக்கியோக் கண்காட்சியில் ஜிஆர் யாரிஸ் வெளியே வந்தது. மூன்று கதவு, ஆறு கியர், நாலு சில்லுக்கும் இழுவை. 2024இல் திருத்திய வடிவம் வந்தது. இப்போதைய வாதமெல்லாம் அதைப் பற்றித்தான்.

இங்கே மூன்று சிலிண்டர் என்றால் ஓர் இளக்காரம் உண்டு. ஆயிரம் சிசி விட்ஸும் ஆல்டோவும் பெற்றோல் மிச்சம் பிடிக்க வாங்கும் வண்டிகள். 996 சிசி விட்ஸ் இயந்திரம் தருவது சுமார் 70 குதிரைவலு. ஜிஆர் யாரிஸிலும் அதே மூன்று சிலிண்டர்தான். அளவு 1,618 சிசி, டேர்போ பூட்டியது. 2020இல் ஜப்பான் வண்டி 272 குதிரைவலு தந்தது, திருத்தியது 304 தருகிறது. முறுக்குவிசை 370 நியூட்டன் மீற்றரிலிருந்து 400க்கு ஏறியிருக்கிறது. இத்தனையும் 1,280 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் காருக்குள். சந்தையில் விட்ஸை விற்கும்போது மூன்று சிலிண்டர் என்று சொல்லி விலையைக் குறைக்கிறவர்கள் இனி வாயைத் திறக்க முடியாது என்பது அந்தப் பொடியன்களின் பெருமிதம். அந்தப் பெருமிதம் எனக்கும் பிடித்திருந்தது. தங்கள் முற்றத்தில் நிற்கும் காரின் குலத்தில் ஒரு வீரன் பிறந்திருக்கிறான் என்றுதான் அவர்கள் அதைப் பார்க்கிறார்கள்.

பிறந்த கதையும் அவர்களுக்குத் தெரியும். உலக ரலிப் போட்டிக்கு 2017இல் டொயோட்டா யாரிஸோடு திரும்பி வந்தது. அன்றைய விதிப்படி ஓட்டப்போகும் காரின் மூல வடிவத்தை 25,000 எண்ணிக்கையில் செய்து மக்களுக்கு விற்கவேண்டும். ரலிக்காரர்கள் கேட்டபடி கூரையைத் தாழ்த்தி, முன்பாதியை ஒரு காரிலிருந்தும் பின்பாதியைப் பெரிய காரொன்றிலிருந்தும் எடுத்து இணைத்து, கூரைக்குக் காபன் இழை போட்டுச் செய்தார்கள். பெருந்தொற்று குறுக்கே வந்தது, 2022இல் விதியும் மாறியது. எந்தப் பந்தயக் காருக்காக இதைச் செய்தார்களோ அந்தக் கார் களத்துக்கு வரவேயில்லை. 2022இலும் 2023இலும் காலே ரொவன்பேரா பட்டம் வென்ற கார் இதன் பெயரைத் தாங்கியது, ஆனால் அதன் எலும்புக்கூடு வேறு. 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு முறை தயாரிப்பாளர் பட்டம் வாங்கிய லான்சியா டெல்டாவும் ஒரு சின்னக் கார்தான் என்பதை நினைவுகூர்ந்தால், இந்தப் பரம்பரை புதியதில்லை என்பது விளங்கும்.

நாலு சில்லு இழுவையைப் பற்றிக் கிளிவெட்டியில் பேசுவதற்குத் தனிச் சுவை இருக்கிறது. சேற்றில் சில்லு சுழல்வதை இந்த ஊருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மகாவலி நீரை நம்பிய வயல்வெளிகளில் பெரும்போகத்துக்கு இறங்கும் உழவு மெசின், ஒரு பக்கம் புதைந்தால் என்ன செய்யும்? வலுவெல்லாம் சும்மா சுழலும் சில்லுக்கே ஓடிவிடும், பிடிப்புள்ள சில்லு நின்றுவிடும். அப்போது ஓட்டுகிறவர் குதிக்காலால் ஒரு மிதியை அழுத்துவார். இரண்டு பின் சில்லும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், மெசின் வரம்பேறும். டிப் லொக் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ஜிஆர் யாரிஸ் செய்வதும் அடிப்படையில் அதுவே. ஆனால் குதிக்காலுக்கு வேலை இல்லை. உயர்ந்த வகை வண்டிகளில் முன்னும் பின்னும் ஒவ்வொரு டோர்சன் பல்சக்கரத் தொகுதி. ஒரு சில்லு வழுக்கத் தொடங்கினால் பற்களின் உராய்வே வலுவை மற்றச் சில்லுக்குத் தள்ளும். மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடுவது மட்டும் பின் அச்சுக்கு முன்னால் உள்ள ஒரு பல்தகட்டுக் கிளச். அதை எவ்வளவு இறுக்குவது என்று கணினி தீர்மானிக்கிறது. முதலில் வந்த வண்டியில் சாதாரண ஓட்டத்துக்கு 60:40, விளையாட்டு ஓட்டத்துக்கு 30:70, பந்தயத் தடத்துக்கு 50:50 என்று மூன்று பங்கு. திருத்திய வண்டியில் கிரவல் பாதைக்கு 53:47, தடத்தில் ஓட்டத்துக்கேற்ப மாறும் பங்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பல் விகிதத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் வைத்திருப்பதால்தான் பாதிக்கு மேல் வலுவைப் பின்னுக்கு அனுப்ப முடிகிறது. கைப்பிரேக்கை இழுத்தால் அந்தக் கிளச் விட்டுக்கொடுத்துப் பின் சில்லுகளைத் தனியே பூட்ட விடும். வளைவில் பின்பக்கத்தைச் சுழற்றித் திருப்ப ரலிக்காரனுக்கு அது வேண்டும்.

இதை அந்தக் கராச்சில் ஒரு பதினெட்டு வயதுப் பொடியன் ஒயில் படிந்த சீமெந்துத் தரையில் சோக்கால் கீறி எனக்கு விளங்கப்படுத்தினான். உழவு மெசினின் பின் அச்சைக் கழற்றிப் பூட்டிய கை அது. அதனால்தான் ஜப்பான்காரனின் தந்திரம் அவனுக்கு ஒரே பார்வையில் பிடிபட்டிருக்கிறது.

ஆறு கியர்த் தடியா, புதிதாக வந்த எட்டு கியர்த் தானியங்கியா என்பதில் அங்கே பெரிய பிளவு இல்லை. தடிக்குத்தான் வாக்கு. லொறியும் மெசினும் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கிளச் இல்லாத வண்டி முழு வண்டியாகத் தெரிவதில்லை. தானியங்கியே வேகமாகக் கியர் மாற்றும் என்று ஒருவர் சொன்னார், அது உண்மையும்கூட. லண்டனிலிருக்கும் உறவுக்காரர் ஜிஆர் யாரிஸை நேரில் பார்த்து வீடியோ அனுப்பியிருக்கிறார். கனடாவில் அந்தக் கார் விற்பனைக்கு இல்லை. ஸ்கார்பரோக்காரர்களுக்கு அதே இயந்திரம் பூட்டிய ஐந்து கதவு ஜிஆர் கொரோலாதான் கிடைக்கிறது. பனியில் ஓட்டுகிறவர்களுக்கு நாலு சில்லு இழுவை அன்றாடத் தேவை, பேச்சுக்கான பொருள் இல்லை. ஜேர்மன் கார்களின் பக்தர்களும் உண்டு. கோல்ஃப் ஆர் சொகுசு, பின்சீற்றில் ஆள் இருக்கலாம் என்பார்கள். ஏ45 எஸ் 421 குதிரைவலு என்பார்கள். இருக்கட்டும்.

விலையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் கார்களுக்குத் திறந்தது. வரி இயந்திரத்தின் கன அளவைப் படிப்படியாகப் பார்த்து ஏறுகிறது, 1,600 சிசியைத் தாண்டினால் அடுத்த படி. இந்தக் கார் பதினெட்டு சிசியால் தாண்டுகிறது. அதற்குமேல் ஆடம்பர வரி, அதற்கும்மேல் பெறுமதி சேர் வரி. ஒரு போக வேளாண்மையின் கணக்கில் இது அடங்காது. 2022இல் கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் இருபது லீற்றர் பெற்றோல் என்றிருந்த காலத்தை ஒருவரும் மறக்கவில்லை. இதன் தாங்கி மட்டும் ஐம்பது லீற்றர் கொள்ளும்.

வீதியும் இதற்கு ஏற்றதில்லை. நகரத்துக்கு வெளியே காருக்குச் சட்டம் தரும் வேகம் மணிக்கு எழுபது கிலோமீற்றர். அறுவடைக் காலத்தில் தார் வீதியிலே நெல் காயும், இரவில் மாடு படுத்திருக்கும். காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. 2025 நவம்பரில் டித்வாப் புயலோடு மூதூர், வெருகல் பக்கங்களில் வெள்ளம் பாய்ந்தபோது ஊருக்கு உதவியது உயரமான மெசின்கள்தான்.

என் மனத்தை அரிப்பது இவை ஒன்றுமில்லை. இந்தக் கார் பழுதானால் இதன் பொனட்டை எந்தக் கை திறக்கும் என்பதே.

ஜப்பானில் மொட்டோமச்சித் தொழிற்சாலையில் இதற்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். ஓடும் பட்டையில் கார்கள் வரிசையாக நகர்வதில்லை. சிறு சிறு களங்களாகப் பிரித்து, கைதேர்ந்த தொழிலாளர்களைத் தெரிந்தெடுத்து, சில்லுக் கோணத்தை நுட்பமாகச் சரிபார்த்துச் செய்கிறார்கள். கையை நம்பிச் செய்த கார் இது. அதே கார் இங்கே வந்தால் நம் கைகளால் தொட முடியாத பொருளாகிவிடும்.

சின்ன உதாரணம் ரயர். நம்மூரில் ஒரு ரயர் வெடித்தால் ஒன்றைத்தான் மாற்றுவோம், அதுவும் பாவித்ததாக இருந்தால் நல்லது. நாலு சில்லு இழுவையுள்ள காரில் நாலும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு கூடும். மற்றவற்றோடு அது ஒத்துச் சுழலாது. நடுவிலுள்ள கிளச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். இடைவழியில் நின்றுவிட்டால் நாம் உழவு மெசினில் கயிறு கட்டி முன்பக்கத்தைத் தூக்கி இழுப்போம். இந்தக் காரை அப்படி இழுத்தால் பின் அச்சு கெட்டுவிடும். நாலு சில்லும் நிலத்தில் படாமல் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி வேண்டும். ஒரு தவறான கியர் ஒயில் போதும், பல இலட்சம் பெறுமதியான தொகுதியைத் தின்றுவிடும். கொம்பியூட்டரில் குறியீட்டை வாசிக்கும் சீன ஸ்கானர் இப்போது கிராமத்துக் கராச்சுகளிலும் உண்டு. எந்த சென்சர் என்று அது சொல்லும், ஏன் என்று சொல்லாது.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டரில் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். படித்த பொறியியலாளர் எவரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, கராச்சுப் பாஸ்மார் கண்டுபிடித்தது. திருகோணமலை மாவட்டத்தில் 2006இல் சம்பூரிலிருந்து பெயர்ந்த சனம் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்தபோது, கொண்டுவந்த மோட்டார் சைக்கிளையும் தண்ணீர்ப் பம்பையும் ஓட வைத்ததும் இப்படிப்பட்ட கைகளே. பாகம் இல்லாவிட்டால் கடைந்து செய்தார்கள், ரப்பர் இல்லாவிட்டால் ரயர் வெட்டிப் போட்டார்கள். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாமனிடமிருந்து மருமகனுக்கு, பாஸிடமிருந்து உதவிப் பொடியனுக்கு, இரும்பு நெம்பும் ஓசையோடு வந்தது.

இப்படி ஒரு கார் கிளிவெட்டிக்கு வரவா போகிறது, வந்தாலும் கொழும்பில் பார்த்துக்கொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஜிஆர் யாரிஸ் வராமல் போகலாம். ஆனால் நம் கைகளைத் தடுக்கும் அந்தப் பூட்டு ஏற்கெனவே வந்துவிட்டது. அக்குவா ஹைபிரிட் கிராம வீதிகளில் ஓடுகிறது. அதன் பெரிய பற்றரி கெட்டால் பல பாஸ்மார் கையை விரித்துத் திருகோணமலைக்கோ கண்டிக்கோ அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பும் ஒவ்வொரு வண்டியோடும் ஒரு பாடமும் ஊரை விட்டுப் போகிறது. பத்து வருடத்தில் இந்தக் கராச்சுகளில் எஞ்சுவது ஒயில் மாற்றுவதும் பிரேக் லைனிங் தட்டுவதும் மட்டும் என்றால், சோக்கால் பல்சக்கரம் கீறிய அந்தப் பொடியன் கட்டாருக்குத்தான் போவான். அங்கே லான்ட் குரூசரின் நாலு சில்லு இழுவையைக் கழற்றிப் பூட்டக் கற்பான், ஆனால் அந்தக் கல்வி இங்கே திரும்பி வராது. வந்த சிலர் வீடு கட்டினார்கள், கராச் கட்டவில்லை.

மோட்டார் வாகனத் திருத்தலுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. என்.வி.கியூ படித்த பிள்ளைகளைச் சந்தித்தேன், கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்கள் படிக்கவேண்டியது இன்னும் இருக்கிறது: மின்வடங்களின் வரைபடம் வாசிப்பது, சென்சரின் வோல்ற்றை அலைமானியில் பார்ப்பது, கணினி ஒரு கிளச்சுக்கு எப்படிக் கட்டளை போடுகிறது என்று பின்தொடர்வது. ஒரு பழைய நாலு சில்லு காரையோ, மோதி நொறுங்கிய ஒரு ஹைபிரிட்டையோ மூதூரில் எங்காவது வெட்டித் திறந்து வைத்தால்கூடப் போதும். இந்தப் பொடியன்களிடம் ஆர்வம் வழிந்தோடுகிறது. காரைத் தொடாமலே அதன் இழுவைப் பங்கை மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு அச்சைக் கையில் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று யோசிக்கிறேன்.

விட்ஸ் அன்று இருட்டுமுன் ஜாக்கியிலிருந்து இறங்கியது. ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையவில்லை. பொடியன் தன் கொப்பியை எடுத்தான். ஒரு பக்கத்தில் 60:40, 53:47 என்று ஜிஆர் யாரிஸின் கணக்கு. மறுபக்கத்தில் ஸ்கானர் காட்டிய குறியீட்டை எழுதி, முன் இடது சில்லின் வேக சென்சர் என்று பக்கத்தில் போட்டான். பிறகு கைவிளக்கைப் பற்ற வைத்துக்கொண்டு, வயர் எங்கே அறுந்திருக்கும் என்று பார்க்க மறுபடியும் காருக்கு அடியில் போனான்.