வாங்கிய கருவி அலமாரியில் உறங்கலாமா?

குறட்டை விடுபவரை நிம்மதியாக உறங்குபவர் என்று எண்ணுவது நம் வழக்கம். சிலருக்கு உண்மை நேர்மாறானது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழியை அடைத்துவிடுகின்றன. பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, உடல் திடுக்கிட்டு, மீண்டும் தொடங்குகிறது. இதுவே ‘ஸ்லீப் ஏப்னியா’ எனப்படும் உறக்க மூச்சுத்தடை. மூச்சுத் தடையும் குறைவும் மணிக்கு 5 முதல் 15 முறை நேர்ந்தால் லேசானது. 30 முறைக்கு மேற்பட்டால் கடுமையானது. கவனியாது விட்டால் இரத்த அழுத்தம் உயரும், இதயம் பாதிக்கப்படும், பகலில் வாகனம் ஓட்டும்போதே கண் சொருகும்.

இதற்கு முதன்மையான சிகிச்சை ‘சிபேப்’ கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் இதை அறிமுகப்படுத்தினார். மாஸ்க் வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மூச்சு வழியை இது திறந்தே வைக்கிறது. ஆனால் இது மூக்குக் கண்ணாடியைப் போன்றது. அணிந்திருக்கும் வரையில்தான் பயன். 30 நாட்களில் 70 விழுக்காடு இரவுகளில், அதாவது 21 இரவுகளில், குறைந்தது 4 மணி நேரம் அணிவதையே ‘முறையான பயன்பாடு’ என்று அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் கொள்கிறது. இது குறைந்தபட்ச அளவே. உறங்கும் நேரம் முழுவதும் அணிவதே நன்று.

தொடர்ந்து அணிய முடியாமைக்கான காரணம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நெடுந்தொலைவு லாரி ஓட்டுநருக்கு உறங்கும் இடமே நிலையில்லை. மின்கலத்தில் இயங்கும் வசதி உண்டா என்பதை அவர் வாங்குமுன்பே கேட்டறிய வேண்டும். தாடி வைத்திருப்பவருக்கு முகத்தை மூடும் மாஸ்கில் காற்று கசியும். மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் வகை அவருக்கு ஏற்றது. ராஜஸ்தானின் வறண்ட காற்றில் மூக்கு உலரும். டெல்லியின் குளிரில் குழாய்க்குள் நீர் கோக்கும். ஈரப்பதமூட்டியைத் தக்கபடி அமைத்தால் இரண்டும் தீரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இந்நோய் வரும். ஆயினும் குறட்டையைவிடச் சோர்வு, காலைத் தலைவலி, தூக்கமின்மை என அது தோன்றுவதால் கண்டறியத் தாமதமாகிறது. பலர் சேர்ந்து உறங்கும் வீட்டில் மாஸ்க் அணிய அவர்கள் கூச்சப்படுவதும் உண்டு. முதியவருக்கோ பட்டையை மாட்டவும் கழற்றவும் ஒருவர் துணை வேண்டும்.

முதல் சில நாட்களிலேயே பழக்கம் பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. எனவே பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் அணிந்து பழகலாம். அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டும் ‘ராம்ப்’ வசதியைப் பயன்படுத்தலாம். இடர்ப்பாடு எதுவாயினும் கருவியை ஒதுக்கி வைக்காமல் மருத்துவரிடம் கூறுவதே முறை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கருவியின் விலை 45,000 ரூபாய், ஆயுள் 5 ஆண்டு என்று கொள்வோம். நாள்தோறும் அணிந்தால் 1,825 இரவுகள். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 25 ரூபாய். வாரம் இரண்டு இரவுகள் மட்டும் அணிந்தால் 520 இரவுகள். இரவுக்கு 86 ரூபாய்க்கு மேல். அலமாரியில் கிடந்தாலும் தேய்மானம் நிற்பதில்லை. ஆகவே வாங்குமுன் சில நாட்கள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதும், மாஸ்க், வடிகட்டி ஆகியவற்றை மாற்றும் செலவைக் கேட்டறிவதும் விவேகம். பல மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் இக்கருவியின் விலையை ஏற்பதில்லை. விதிவிலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் விதிகளுக்கு உட்பட்டு இதற்குத் தொகை பெற வழியுண்டு.

எத்தனை மணி நேரம் அணிந்தோம் என்பதை இன்றைய கருவிகள் பல தாமே பதிவு செய்கின்றன. வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் மாதம் ஒருமுறை குடும்பத்துடன் அதைப் பாருங்கள். குறையும் இரவுகளுக்குக் காரணம் கேட்டு, களைய உதவுங்கள்.