பெட்டி அதேதான், உள்ளே என்ன வரும்?

நீளமும் அகலமும் 12.7 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர், எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. அரைக்கிலோ இனிப்புப் பெட்டி அளவேயான அந்த அலுமினியப் பெட்டிக்குள் ஒரு முழு மேசைக் கணினி அடங்கியிருக்கிறது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் நம் பொறுப்பு. வீட்டில் ஏற்கெனவே இருப்பதே போதும். 2024 அக்டோபர் 29 அன்று ஆப்பிள் அறிவித்த மேக் மினி இது. இந்தியாவில் தொடக்க விலை ரூ.59,900. 2025 முடிகிற இந்த வேளையில் மேக் வரிசையிலேயே ஆகக் குறைந்த விலை இதற்குத்தான். அதனால் அடுத்த மினி எப்போது, அதில் என்ன இருக்கும் என்ற ஆரூடம் ஓய்வதே இல்லை.

ஆரூடம் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சிப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை, ஏனென்றால் சிப் எது என்பது ஏறக்குறைய தெரிந்த விஷயம். தெரியாத விஷயம், ஆகக் குறைந்த விலைக்கு விற்கும் மினியில் எத்தனை ஜிபி இருக்கும் என்பது. அங்கே போவதற்கு முன் இந்தப் பெட்டியின் பழைய கதை கொஞ்சம் வேண்டும்.

சிறிய மேக் ஒன்றைச் செய்து ஆப்பிள் முதலில் கையைச் சுட்டுக்கொண்டது 2000-இல். பவர் மேக் ஜி4 க்யூப் பார்க்க அழகு. விலைதான் 1,799 டாலர். அடுத்த ஆண்டு ஜூலையிலேயே தயாரிப்பை நிறுத்தினார்கள். 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்டு மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக் மினியைக் காட்டியபோது பாடம் கற்றிருந்தது தெரிந்தது. விலை 499 டாலர். அப்போது ஐபாட் வாங்கிய பலரிடம் விண்டோஸ் கணினிதான் இருந்தது. மானிட்டரையும் கீபோர்டையும் அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றுங்கள் என்பதுதான் அவர்களுக்கான அழைப்பு. உள்ளே பவர்பிசி ஜி4 பிராசஸர், 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க். வெளியே ஒரு ஸ்க்ரூ கூடக் கிடையாது. ரேமைக் கூட்ட வேண்டுமென்றால், சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டை விளிம்பில் செருகி நெம்ப வேண்டும். அந்த வித்தையைக் கற்றவர்கள் சிலர் மினியைக் காரின் டேஷ்போர்டுக்குள்ளும் பொருத்தினார்கள்.

2006-இல் இன்டெல் பிராசஸருக்கு மாறியது. 2010-இல் புதிய உடல் வந்தது: ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது, 19.7 சென்டிமீட்டர் சதுரம், 3.6 சென்டிமீட்டர் உயரம். வெளியே தொங்கிக்கொண்டிருந்த பவர் அடாப்டர் உள்ளே போனது. அடிமூடியைக் கையால் திருகினாலே திறந்தது, ரேமை யாரும் மாற்றலாம். 2011-இல் டிவிடி டிரைவை எடுத்துவிட்டார்கள், ஆனால் பெட்டி சுருங்கவில்லை.

மினிப் பிரியர்கள் இன்றும் மறக்காத ஆண்டு 2014. முந்தைய 2012 மாடலில் நான்கு கோர் பிராசஸர் கிடைத்தது. புதிய மாடலில் இரண்டு கோர் மட்டும். ரேமையும் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்கள். எல்லா கோர்களும் சேர்ந்து செய்யும் வேலைகளில் பழைய நான்கு கோர் மினி புதியதை முந்தியது. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் ஒன்றுமே வரவில்லை. 2017-இல் ஒருவர் மின்னஞ்சலில் கேட்டதற்கு டிம் குக், விவரம் சொல்லும் நேரம் வரவில்லை, ஆனால் மினி எங்களுக்கு முக்கியம் என்ற பொருளில் பதில் போட்டார், அது செய்தியானது. ஒரு சின்னப் பதில் செய்தியாகும் அளவுக்குக் காத்திருப்பு நீண்டிருந்தது. 2018 அக்டோபரில் ஒருவழியாகப் புதிய மினி வந்தது, விலை 799 டாலருக்கு ஏறியிருந்தது.

2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 வந்த முதல் மூன்று கணினிகளில் மினியும் ஒன்று. அதே பழைய உடலுக்குள் எம்1 போர்டைப் பொருத்தியபோது பெட்டியின் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. காற்றை விற்கிறார்கள் என்று கிண்டல் செய்யலாம்தான். ஆனால் அந்தக் காலியிடத்தை 2024 வரை அப்படியே வைத்திருந்தார்கள் என்பதுதான் ஆரூடத்துக்கு உதவும் தகவல். மினியின் உடல் இதுவரை மாறியது இரண்டே முறை. முதல் உடல் ஐந்து ஆண்டு, இரண்டாவது பதினான்கு ஆண்டு. மூன்றாவது உடலுக்கு இப்போதுதான் ஒரு வயது. ஆகவே அடுத்த மினி வெளியே பார்க்க இதேபோல்தான் இருக்கும் என்று துணிந்து சொல்லிவிடலாம்.

உடலை மாற்றத் தயங்குவதற்கு வாடிக்கையாளர் தரப்பிலும் ஒரு காரணம் உண்டு. ஐபோன் செயலிகளை உருவாக்கிச் சோதிக்க மேக் கட்டாயம். அதற்காக வாடகைக்கு விடவே டேட்டா சென்டர்களில் மினிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அமேசானின் கிளவுட் சேவை 2020 முதல் இதைச் செய்கிறது. அளவு மாறினால் அவர்கள் அலமாரிகளெல்லாம் மாற வேண்டும்.

எப்போது வரும்? எம்1 மினிக்கும் எம்2 மினிக்கும் நடுவே 26 மாதம், எம்2-க்கும் எம்4-க்கும் நடுவே 21 மாதம். எம்3 மினிக்கு வரவே இல்லை. இந்தக் கணக்கில் அடுத்தது 2026-இன் பிற்பாதி. கொஞ்சம் முன்னதாகவும் வரலாம், ஏனென்றால் எம்5 சிப் 2025 அக்டோபரிலேயே 14 அங்குல மேக்புக் புரோவிலும் ஐபேட் புரோவிலும் வந்துவிட்டது. எம்3-ஐத் தாண்டியதைப் போல எம்5-ஐயும் தாண்டி எம்6-க்குப் போவார்களோ என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எம்5-இல் மினிக்கென்றே செய்ததுபோல் ஒரு மாற்றம் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள, இன்று மினியை யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பாடல் பதிவு செய்பவர்களும் வீடியோ எடிட்டர்களும் எப்போதும் இருப்பவர்கள். புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள், ஏஐ மொழி மாதிரிகளைத் தங்கள் மேசையிலேயே ஓட்ட விரும்புபவர்கள். அவர்களுக்கு மினி பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் ரேம். சாதாரணக் கணினியில் பிராசஸருக்கு ஒரு ரேம், கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனி ரேம். மினியில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ரேம், அதுவும் சிப்புக்கு ஒட்டினாற்போல் வைத்தது. 32 ஜிபி மினி வாங்கினால் அதில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் பகுதிக்கே கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டில் அவ்வளவு ரேம் வேண்டுமென்றால் கார்டின் விலையே ஒரு மினியைத் தாண்டிவிடும்.

மாதிரி ஒன்று பதில் எழுதும்போது ஒவ்வொரு சொல்துண்டுக்கும் தன் எடைகள் (கற்றதைப் பதிந்துவைத்திருக்கும் எண்கள்) முழுவதையும் ரேமிலிருந்து ஒருமுறை வாசித்தாக வேண்டும். 800 கோடி எடைகள் கொண்ட மாதிரி, ஒவ்வொன்றையும் நான்கு பிட்டாகச் சுருக்கினால், சுமார் 4 ஜிபி. எம்4 தன் ரேமிலிருந்து விநாடிக்கு 120 ஜிபி வாசிக்கும். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு அதிகபட்சம் 30 துண்டு, அதற்கு மேல் எவ்வளவு கெட்டிக்காரச் சிப்பாலும் முடியாது. எம்5-இன் வாசிப்பு வேகம் 153 ஜிபி, ஆகவே 38 துண்டு. மினியின் உயர்ந்த மாடலில் இருக்கும் எம்4 புரோவுக்கு 273 ஜிபி. இது பதில் எழுதும் கட்டத்தின் கணக்கு. நாம் கொடுக்கும் நீண்ட கேள்வியை அது வாசித்து முடிக்கும் முதல் கட்டம் வேறு. அங்கே ரேம் வேகத்தைவிடப் பெருக்கல் கணக்குகளைப் போடும் திறன்தான் முக்கியம், மினி திணறுவதும் அங்கேதான். நாற்பது பக்க ஆவணத்தைக் கொடுத்துவிட்டுக் காபி போடப் போகலாம். எம்5-இல் கிராஃபிக்ஸ் கோர் ஒவ்வொன்றிலும் இந்தப் பெருக்கலுக்கென்றே ஒரு தனிப் பகுதி சேர்த்திருக்கிறார்கள். ஏஐ வேலைகளில் கிராஃபிக்ஸ் பகுதியின் உச்சத் திறன் எம்4-ஐப் போல நான்கு மடங்குக்கு மேல் என்கிறது ஆப்பிள். விற்கிறவர் சொல்லும் கணக்கு என்று பாதியாகத் தள்ளினாலும், காத்திருக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். மற்றபடி அன்றாட வேலைகளுக்கு எம்5 பத்து, பதினைந்து சதவீதம் வேகம், அவ்வளவுதான்.

இனி ஜிபிக்கு வருகிறேன். ரூ.59,900 மினியில் 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. எஸ்எஸ்டியை 512 ஆக்கினால் ரூ.79,900. ரேமையும் 24 ஆக்கினால் ரூ.99,900. அதாவது எட்டு ஜிபி ரேமுக்கும் 256 ஜிபி இடத்துக்கும் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய், கணினியின் விலையிலேயே மூன்றில் இரண்டு பங்கு. கீழ்ப்படியில் நின்றால் மினிக்கு நிகரான பேரம் வேறு இல்லை. ஒரு படி ஏறியதும் பேரம் போய்விடுகிறது. ரேம் சிப்போடு ஒட்டியது, பின்னால் கூட்ட வழியில்லை. எஸ்எஸ்டி கதை சற்று வேறு. 2024 மினியில் அது கழற்றி மாட்டக்கூடிய தனிப் பலகை. ஆனால் கடையில் கிடைக்கும் எம்.2 எஸ்எஸ்டி அதில் பொருந்தாது, ஏனெனில் கட்டுப்பாட்டுப் பகுதி ஆப்பிள் சிப்புக்குள் இருக்கிறது, பலகையில் இருப்பது வெறும் நினைவகச் சில்லுகள். வெளியார் இதற்கென்று பலகை செய்து விற்கிறார்கள். மாட்டிய பிறகு இன்னொரு மேக்கை இணைத்து மென்பொருளை முதலிலிருந்து ஏற்ற வேண்டும். வீட்டில் இரண்டாவது மேக் இருப்பவருக்கு மட்டுமான வசதி.

அடிப்படை மாடலின் அளவுகளை ஆப்பிள் கூட்டாமல் இருப்பதில்லை, தாமதமாகக் கூட்டும். 2024-இல் மினியின் தொடக்க ரேம் 8-இலிருந்து 16 ஆனது, விலை ஏறவில்லை. 2025 செப்டம்பரில் ஐபோன் 17-இன் தொடக்கச் சேமிப்பிடம் 256 ஜிபி ஆனது. தொலைபேசியில் 256 இருக்கும்போது மேசைக் கணினியிலும் அதே 256 இருப்பது அபத்தம். ஆகவே அடுத்த மினி 512-இல் தொடங்க வேண்டும் என்பதுதான் பலருடைய முதல் ஆசை, என்னுடையதும்.

ஆனால் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. ஏஐ சர்வர்களுக்கான அதிவேக நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 2025-இன் கடைசி மாதங்களில் சாதாரண ரேமின் விலை தாறுமாறாக ஏறியது. நம்மூர்க் கணினிக் கடைகளிலும் பழக்கமான குரூஷியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடுவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் தொடக்க ரேம் 24 ஜிபி ஆகும் என்பது வெறும் கனவு. 512 ஜிபி வரலாம், ஆனால் 256 மாடலை நிறுத்திவிட்டு விலையையும் சற்று ஏற்றி, தருவதுபோல் எடுப்பார்கள் என்பதே என் ஊகம்.

சின்ன ஆசைகளும் நிறைய. பவர் பட்டனை அடிப்பக்க மூலையில் வைத்ததைக் கேலி செய்யாதவர் இல்லை, பெட்டியைச் சற்றுத் தூக்கினால்தான் விரல் போகும். தூங்க வைத்தே பயன்படுத்துகிறவர்களுக்கு அது தேவைப்படுவது அபூர்வம், ஓய்வில் இருக்கும்போது மினி இழுப்பது நான்கு வாட் மின்சாரம்தான். உடல் மாறாதவரை பட்டனும் இடம் மாறாது. பழைய யூஎஸ்பி துளை திரும்பி வராது. எஸ்டி கார்டு துளை 2018-இல் போனது, புகைப்படக்காரர்களுக்கு அது மேக் ஸ்டூடியோவில் இருக்கிறது என்று ஆப்பிள் கைகாட்டிவிடும். வைஃபை 7 மட்டும் நம்பலாம். ஐபோன் 17-க்காகச் செய்த என்1 என்ற வயர்லெஸ் சிப் அதைத் தருகிறது. எம்5 மேக்புக் புரோவில் அதை வைக்காமல் விட்டார்கள் என்பது கொஞ்சம் உறுத்துகிறது. கூடுதல் பணம் கேட்காமல் கிகாபிட்டைவிட வேகமான ஈதர்நெட் துளை ஒன்று தந்தால், பெரிய கோப்புகளை வீட்டுக்குள்ளேயே நகர்த்துகிறவர்கள் வாழ்த்துவார்கள்.

காத்திருக்கலாமா? 2018 இன்டெல் மினி வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வியே இல்லை, 2025-இன் டஹோ இயங்குதளம் அந்த மினிக்குக் கிடையாது. கல்லூரி மாணவரோ எழுத்து வேலை செய்பவரோ என்றால் இப்போதைய மினியே பல ஆண்டு ஓடும், ரேம் விலை போகிற போக்கில் இதே விலை நீடிக்கும் என்பதற்கும் உறுதியில்லை. மேசையில் ஏஐ மாதிரி ஓட்டுவதற்காகவே வாங்குகிறவர் மட்டும் எம்5-க்காகப் பொறுக்கலாம். பொறுத்தாலும் ரேமை அன்றைக்கே தாராளமாகக் கேட்டு வாங்க வேண்டும், 2014-இல் ஒட்டிய ஈயத்தைப் போல இதையும் பிறகு பிரிக்க முடியாது.