உறுமல் அடங்கினால் ஓட்டம் குறையுமா?

நிறைகுடம் தளும்பாது; குறைகுடம் கூத்தாடும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மனிதர்களுக்குச் சொன்ன இந்த மொழி மோட்டார் வண்டிகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் இதற்கு நேர்மாறாக நினைக்கிறார்கள். எந்த வண்டி அதிகமாக உறுமுகிறதோ அதற்கே வலு அதிகம் என்பது அவர்கள் எண்ணம்.

யோங் பெங்கில் வாழும் நமக்கு இந்த உறுமல் புதிதல்ல. ஆயர் ஈத்தாமிலிருந்து வடக்கே லாபிஸ், சிகாமட் நோக்கிப் போகும் பழைய சடக்கு நம் ஊரைத் தொட்டுச் செல்கிறது. 1994-ஆம் ஆண்டில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும் தொலைதூர வண்டிகளில் பல அந்தப் பக்கம் போய்விட்டன. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழைய சடக்குதான் பிடிக்கும். துரைமார் காலத்து எம்.ஜி., டிரையம்ப் போன்ற, கூரை திறந்த, தாழ்வான கார்கள் அவை. கண்ணுக்கு அழகுதான், காதுக்குத்தான் தொல்லை. அந்தக் கார்களைப் பார்த்து ஆசைப்படும் இளைஞன் தன் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை வெட்டி, அதே உறுமலை உண்டாக்குகிறான்.

பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவர் இரவு ஒன்பது மணிக்கே படுக்கிறார். செம்பனை ஆலையில் இரவு வேலை பார்த்தவர் பகலில் கண்ணயர்கிறார். தொட்டிலில் குழந்தை, சோதனைக்குப் படிக்கும் மாணவி, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி, இத்தனை பேரையும் ஒரு குழாய் தூக்கிப்போட வைக்கிறது. இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. வண்டியின் வலுவைக் கெடுக்காமலேயே சத்தத்தை அடக்கலாம்.

சத்தம் எங்கிருந்து பிறக்கிறது?

குக்கரில் விசில் வரும்போது என்ன நடக்கிறது? உள்ளே அடைபட்ட நீராவி சட்டென்று வெளியே பாய்கிறது. எஞ்சினிலும் அதே கதைதான். உள்ளே எரிந்த வாயு, வால்வு திறந்தவுடன் அழுத்தத்தோடு வெளியே குதிக்கிறது. ஒவ்வொரு குதிப்பும் ஓர் அடி. நான்கு சிலிண்டர் உள்ள கார் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுழன்றால், வினாடிக்கு 100 அடிகள் விழும். திருவிழாவில் உறுமி மேளம் நெஞ்சுக்குள் அதிர்வதுபோல, இந்த அடிகள் சேர்ந்துதான் உறுமலாகக் கேட்கின்றன.

இந்தத் தாழ்ந்த ஒலிக்கு ஒரு குணம் உண்டு. வினாடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் அலை, நம் ஊர்க் காற்றில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளம் இருக்கும். இவ்வளவு நீண்ட அலையைப் பலகைச் சுவரோ ஜன்னல் துணியோ தடுக்காது. கதவைச் சாத்தினாலும் உறுமல் வீட்டுக்குள் வருவது இதனால்தான். ஆகவே சத்தத்தைப் பிறந்த இடத்திலேயே அடக்க வேண்டும்.

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்திலேயே மக்கள் சத்தத்திற்கு அஞ்சினார்கள். 1897-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சத்தத்தை அடக்கும் கருவிக்கு உரிமம் பெற்றுவிட்டார்கள்.

சைலன்சரில் பொதுவாக இரண்டு வகை உண்டு. முதல் வகையில் பெட்டிக்குள் சிறு அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். ஒலி அலை அறைச்சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையைச் சந்திக்கிறது. ஓர் அலை மேடாகவும் மற்றது பள்ளமாகவும் சேர்ந்தால் இரண்டும் சமமாகி அடங்கிவிடும். குளத்தில் இரண்டு கல்லை எறிந்து அலைகள் சந்திப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இரண்டாவது வகையில் துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கும். ஒலி அந்தப் பஞ்சுக்குள் புகுந்து தேய்ந்து போகும். நாளாக ஆக அந்தப் பஞ்சு கருகி, துகளாகிக் குழாய் வழியே பறந்துவிடும். அதன்பின் அது வெறும் தகரப் பெட்டி. "போன வருஷம் இவ்வளவு சத்தம் இல்லையே!" என்று வண்டிக்காரர் வியப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பந்தயக் காரையே அடக்கிய கதை

"சைலன்சர் போட்டால் வேகம் போய்விடும்" என்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் வேபிரிட்ஜ் என்ற ஊருக்கு அருகே புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடல் 1907-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. திறந்த அதே மாதத்தில் எஸ். எஃப். எட்ஜ் என்பவர் அங்கே 24 மணி நேரம் இடைவிடாமல் கார் ஓட்டிக் காட்டினார். உலகம் பாராட்டியது, அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்த்து நின்றார்கள், வழக்கும் தொடுத்தார்கள். இரவு ஓட்டம் நின்றது. 1929-இல் அங்கே 24 மணி நேரப் பந்தயம் நடத்த விரும்பியபோதுகூட, அதை இரண்டு பகல்களாகப் பிரித்து, நாளுக்கு 12 மணி நேரமாகத்தான் நடத்தினார்கள்.

பகல் சத்தத்திற்கும் தடை வந்தது. 1920-களின் நடுவில், திடலில் ஓடும் கார்கள் பெரிய சைலன்சர் பூட்டியாக வேண்டும் என்று விதி செய்தார்கள். குழாயின் முடிவில் மீன் வால்போல் விரிந்த அந்தச் சைலன்சர் புரூக்லண்ட்ஸ் பெயராலேயே புகழ்பெற்றது. வேகம் செத்துவிட்டதா? 1935-ஆம் ஆண்டில் ஜான் காப் என்ற வீரர், ஏறக்குறைய 24 லிட்டர் கொள்ளளவு கொண்ட விமான எஞ்சின் பூட்டிய நேப்பியர்-ரெயில்டன் காரில் அந்தத் திடலைச் சுற்றினார். வேகம் மணிக்கு 143.44 மைல், அதாவது சுமார் 230 கிலோமீட்டர். அந்தத் திடலில் அதை மிஞ்சிய சுற்று கடைசிவரை இல்லை. அந்தக் காரிலும் சைலன்சர் இருந்தது! தோட்டச் சடக்கில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

பழைய காரைச் சாந்தப்படுத்தும் முறை

பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்கட்டும். முறைப்படி செய்யத் தெரிந்தால் நல்ல பிழைப்பும் ஆகும்.

முதலில் ஒழுக்கைத் தேட வேண்டும். சத்தம் அதிகமானால் உடனே சைலன்சரைக் குறை சொல்லக் கூடாது. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் 'டிக் டிக்' என்று கேட்டால் அங்குள்ள கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை மூட்டுகளின் அருகே நகர்த்தினால் ஒழுகும் இடம் தெளிவாகக் கேட்கும். மூட்டைச் சுற்றிக் கருப்புக் கரி படிந்திருப்பதும் ஓர் அடையாளம். சிறிய கேஸ்கெட் ஒன்றை மாற்றினாலே பாதித் தொல்லை தீர்ந்துபோகும் வண்டிகள் உண்டு.

அடுத்து துரு. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக வெளியேறுகிறது. வாரம் ஒருமுறை கடைக்கு மட்டும் போய் வரும் காரில் குழாய் நன்றாகச் சூடாவதில்லை. நீர் உள்ளேயே தங்கி, சைலன்சரை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பளபளப்பாக இருந்தாலும் தட்டிப் பாருங்கள். உள்ளே தகடு உதிர்ந்து கலகலக்கும். சில பெட்டிகளின் அடியில், நீர் வடியவென்றே ஒரு சிறு துளை இருக்கும். அதை ஓட்டை என்று எண்ணி அடைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, பெட்டியின் அளவு. தாழ்ந்த உறுமலை அடக்க இடம் வேண்டும். சின்னப் பெட்டியால் ஆகாது. பழைய கார்கள் பலவற்றில் இரண்டு பெட்டிகள் இருந்திருக்கும். பின்னால் வந்த சொந்தக்காரர் யாராவது நடுப்பெட்டியைக் கழற்றி நேர்க்குழாய் வைத்திருப்பார். அந்த நடுப்பெட்டியை மீண்டும் பூட்டினால் கார் தன் பழைய குரலைப் பெறும். குழாயின் உள் அகலத்தை மட்டும் குறைக்கக் கூடாது. வாயு போக வழி இருக்க வேண்டும், ஒலிதான் அடங்க வேண்டும். இதுவே இந்தத் தொழிலின் இரகசியம்.

சில கார்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் 'ஙொய்' என்று தலைவலி கொடுக்கும். காலிப் போத்தலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலி எழும் அல்லவா? வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இதைச் செய்து காட்டுவதுண்டு. குழாய்க்கும் அப்படி ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதிக்கேற்ற நீளத்தில், முனை மூடிய ஒரு கிளைக்குழாயைப் பக்கத்தில் பற்றவைத்தால் அந்த ஒலி மட்டும் விழுங்கப்படும்.

கடைசியாக, குழாயைத் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். ரப்பர் அறுந்து, குழாய் காரின் அடிச்சட்டத்தில் பட்டால் கார் முழுவதுமே மேளமாகிவிடும். நம் வியர்வையில் விளைந்த ரப்பருக்கு இங்கேயும் வேலை இருக்கிறது.

செய்யக் கூடாதவை

குழாய்க்குள் இரும்பு நாரையோ தேங்காய் மட்டையையோ திணிப்பது, முனையை அடித்து நெளிப்பது, இவை கூடவே கூடாது. வாயு வெளியேற முடியாமல் எஞ்சின் சூடேறி வால்வு கருகும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒழுகும் குழாயும் துருப்பிடித்த தரையும் உள்ள காரில் அது உள்ளே புகுந்து, உட்கார்ந்திருப்பவர்களை உறங்குவதுபோலவே சாய்த்துவிடும். ஆகவே புகைக்குழாய் ஒழுக்கை அடைப்பது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல. காருக்குள் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் காவல். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடவே கூடாது.

மோட்டார் சைக்கிள் தம்பிகளுக்கு

குழாயை வெட்டினால் வண்டி பறக்கும் என்பது வெறும் காது சொல்லும் பொய். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் குழாயின் வடிவமே எஞ்சினின் ஒரு பாகம். உள்ளே திரும்பி வரும் அழுத்த அலை, எரியாமல் நழுவும் பெட்ரோலைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. குழாயை வெட்டினால் அந்தப் பெட்ரோல் வீணாகிறது, இழுவையும் குறைகிறது. கப்சாய் வண்டியிலும், மற்றதை அளவறிந்து மாற்றாமல் குழாயை மட்டும் வெட்டுவதால் மிஞ்சுவது பெரும்பாலும் சத்தம்தான்.

காதையும் நினைத்துப் பாருங்கள். வேலையிடச் சத்தம் பற்றி நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டில் விதிமுறைகள் வந்தன. அவற்றின்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். உட்காதிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைக்காது. ஆலையில் அப்பா காதடைப்பான் போட்டு வேலை செய்கிறார். மகன் காசு கொடுத்து அதே சத்தத்தை வாங்குகிறான்!

சட்டமும் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், மோட்டார் வாகன இரைச்சலுக்கென்றே 1987-இல் விதிமுறைகள் செய்யப்பட்டன. வண்டியை நிறுத்தி, குழாய் வாயருகே கருவி வைத்துச் சத்தத்தை அளக்க முடியும். பிடிபட்டால் அபராதம் கட்டுவது பெரும்பாலும் பையன் அல்ல, பெற்றோர்தான்.

பெற்றோர்களே, இதற்காகப் பிள்ளையின் வண்டி ஆசையை முறிக்க வேண்டாம். அவனை ஒரு நல்ல பட்டறைக்கு அழைத்துப் போய், கழற்றிய சைலன்சர் ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினைச் சத்தம் போட வைக்க ஒரு ரம்பம் போதும். அதைச் சாந்தமாகவும் வலுவாகவும் ஓட வைக்கத்தான் படிப்பும் கைத்திறனும் வேண்டும். அந்தக் கைத்திறனை நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டால், பட்டறைகளில் அவர்களுக்கு வேலையும் கிடைக்கும். லயத்து வீடுகளில் உழைத்துக் களைத்தவர்களுக்கு உறக்கமும் கிடைக்கும்.