போனஸ் காருக்கா, ஆளுக்கா?

ஒரு குடும்பத்தில் பி.காம். படித்தவன் ஒருத்தன் இருந்துவிட்டால் போதும். வருமான வரி ஃபாரம், சீட்டுக் கணக்கு, கல்யாண மொய் நோட்டுக் கூட்டல், ரேஷன் கார்டில் பெயர் திருத்தம்... எல்லாம் அவன் தலையில்தான் விடியும். 'பி.காமில் ரேஷன் கார்டு என்று ஒரு பேப்பரே கிடையாது' என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

அப்படி என் தலையில் சமீபத்தில் விடிந்தவை இரண்டு கார் இன்ஷூரன்ஸ் விவகாரங்கள். ஒன்று கடலூரில், இன்னொன்று சிதம்பரத்தில். ரெண்டு ஊருக்கும் நடுவே சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஆனால் கேள்வி என்னவோ ஒன்றுதான்: 'நோ கிளெய்ம் போனஸ்' காருக்குச் சொந்தமா, ஆளுக்குச் சொந்தமா?

முதலில் கடலூர். என் பெரியப்பா மகன், சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். கம்பெனி கொடுத்த காரை மஞ்சக்குப்பத்திலிருந்து குடிகாடு வரை ஐந்து வருஷம் ஓட்டினார். ஒரு கீறல் கிடையாது. கார் துடைக்கிற துணியைத் தனியாக சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவைக்கிற ஆசாமி! ரிட்டயர்மென்ட் நெருங்கியதும் சொந்தத்தில் புதுக் கார் வாங்க ஆசை. விலை ஒன்பது லட்சம். பிரீமியத்தைப் பார்த்ததும் எனக்கு போன்.

"ஏண்டா, அஞ்சு வருஷம் ஒரு கிளெய்ம்கூட இல்லாம ஓட்டினது நானு. அந்த அம்பது பர்சென்ட் தள்ளுபடி எனக்குத்தானே வரணும்?"

நியாயமான கேள்விதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட் அதற்குள் முந்திக்கொண்டார். "ஃபாரத்துல அம்பதுன்னு போட்டுடலாம் சார். யாரு பார்க்கப் போறா?"

போனஸ் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். கார் இன்ஷூரன்ஸில் இரண்டு பகுதி. நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு தேர்டு பார்ட்டி. இது சட்டப்படி கட்டாயம், இதில் போனஸ் கிடையாது. நம் காருக்கே வரும் சேதத்துக்கு 'ஓன் டேமேஜ்'. போனஸ் இந்தப் பகுதியில் மட்டும்தான். ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20 சதவிகிதம், இரண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதற்கு மேல் படி இல்லை. நடுவில் ஒரு கிளெய்ம் வாங்கினால் பரமபத சோபன படம்தான்... ஒரே பாம்பு, நேரே கீழே!

இந்தப் படிக்கட்டு 2002-ல் வந்த 'இந்தியா மோட்டார் டாரிஃப்' என்ற விதித் தொகுப்பில் இருக்கிறது. ஓன் டேமேஜ் பிரீமியத்தை அவரவரே நிர்ணயிக்கலாம் என்று 2007-ல் கம்பெனிகளுக்குச் சுதந்திரம் கிடைத்தது. ஆனாலும் போனஸ் விஷயத்தில் பெரும்பாலும் இந்தப் படிதான் ஓடுகிறது. அதே தொகுப்பின் 27-வது விதி சொல்வது: போனஸ் பாலிசிதாரரைத் தொடர்ந்து போகும், காரைத் தொடர்ந்து போகாது.

ஆக, அண்ணன் ஓட்டிய கார் யார் பெயரில் இருந்தது? கம்பெனி பெயரில். பாலிசி? அதுவும் கம்பெனி பெயரில். அப்படியானால் போனஸும் கம்பெனிக்குத்தான். ஸ்டியரிங் பிடித்த கைக்கு இல்லை, பிரீமியம் கட்டிய கைக்கு!

அண்ணன் முகம் வாடிவிட்டது. ஏஜென்ட் முகம் மட்டும் மலர்ந்தே இருந்தது.

அவர் சொன்னபடி 'அம்பது' என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்றால் 6,000 ரூபாய் மிச்சம். ஆனால் போனஸ் கேட்கிறவர் முந்தைய கம்பெனியின் சான்று கொடுக்க வேண்டும். சான்று இல்லையென்றால் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். 'நான் சொன்னது தப்பு என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் பலன்கள் எல்லாம் பறிபோகும்' என்பது அதன் சாரம். புதுக் கம்பெனி பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்கும். அங்கிருந்து 'இந்தப் பெயரில் எங்களிடம் பாலிசியே இல்லையே' என்று பதில் வந்தால்?

அதுவும் எந்த ஊரில்? 2011-ல் தானே புயல், 2015-ல் பெருவெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலோடு வந்த தென்பெண்ணை வெள்ளம் என்று பார்த்த கடலூரில்! ஆறாயிரத்துக்கு ஆசைப்பட்டு ஒன்பது லட்சத்தைத் தண்ணீரில் விடலாமா?

"அப்ப அஞ்சு வருஷமும் வீண்தானா?" என்றார் அண்ணன்.

வீண் இல்லை. அதே 27-வது விதியில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. நிறுவனத்தின் காரை ஓர் ஊழியருக்கென்று ஒதுக்கி, அவர் மட்டுமே பயன்படுத்திவந்து, பிறகு அதே கார் அவர் பெயருக்கே மாறினால், அந்தக் காலத்தில் சேர்ந்த போனஸ் ஊழியருக்குப் போகலாம். நிறுவனம் அதை உறுதிசெய்து கடிதம் தரவேண்டும். நாலு மேனேஜர்கள் மாற்றி மாற்றி ஓட்டிய பொதுக் கார் என்றால் நடக்காது. 'அந்தக் கார் எனக்கு வேண்டாம், போனஸை மட்டும் கொடு' என்றாலும் நடக்காது.

அண்ணனின் கம்பெனி, ரிட்டயர் ஆகிறவர்களுக்குக் காரைக் கணக்குப் புத்தக மதிப்பில் கொடுத்துவிடும் வழக்கம் உள்ளது. "பழைய காரா?" என்று இழுத்தார். அண்ணிதான் முடித்து வைத்தார். "அஞ்சு வருஷமா குழந்தையக் குளிப்பாட்ற மாதிரி குளிப்பாட்டினீங்களே, இப்ப மட்டும் பழசாயிடுச்சா?"

கம்பெனி கொடுத்த முதல் கடிதத்தில் அண்ணனின் நேர்மை, உழைப்பு, காலந்தவறாமை எல்லாம் இருந்தன. கார்தான் இல்லை! இரண்டாவது கடிதத்தில் வண்டி எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, 'இவருக்கு ஒதுக்கப்பட்டு இவரால் மட்டுமே பயன்படுத்தப்பட்டது' என்ற வாக்கியம் எல்லாம் வந்தன. போனஸும் வந்தது.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறினால் போதாது. பாலிசியிலும் மாற வேண்டும். அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 14 நாள். தேர்டு பார்ட்டி பகுதி தானாக மாறிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது என்று 1990-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடைப்பட்ட நாளில் புளியமரத்தில் இடித்தால் செலவு உங்களுடையது!

இனி சிதம்பரம். வடக்கு வீதியில் என் அத்தை. மாமா தவறி எட்டு மாசம். அவர் ஆசையாக வைத்திருந்த காரில்தான் இப்போது அத்தை டாக்டரிடம் போகிறார், ஓட்டுவது மகன். பாலிசி புதுப்பிக்கப் போன இடத்தில் கவுண்ட்டரில் இருந்தவர், "பாலிசிதாரரே இல்லை, போனஸ் மட்டும் எப்படிம்மா இருக்கும்?" என்றிருக்கிறார். அத்தைக்குப் பணம்கூடப் பெரிதில்லை. "அந்த மனுஷன் ஒரு தடவகூட எங்கயும் இடிச்சதில்லடா. அதையும் இல்லன்னு சொல்லிட்டாங்களே" என்று கண் கலங்கினார்.

அதே 27-வது விதிதான் இங்கும் கை கொடுத்தது. பாலிசிதாரர் இறந்து, கார் மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர் பொறுப்பிலும் உபயோகத்திலும் வந்தால், போனஸும் அவர்களுக்கு வரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அந்த விதியின் நகல் மூன்றோடும் மறுபடி போனோம். மேனேஜர் படித்துப் பார்த்தார்; 50 சதவிகிதத்தை அப்படியே கொடுத்தார். அத்தை அந்தக் காகிதத்தை சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.

கடைசியாக, எல்லாருக்கும் உதவும் ஒரு பி.காம். கணக்கு. 50 சதவிகிதப் படியில் இருக்கிறீர்கள். பம்பரில் சின்ன அடி, செலவு 3,000 ரூபாய். கிளெய்ம் பண்ணினால் அடுத்த வருஷம் 50 சதவிகிதம் போச்சு. அதற்கடுத்த வருஷங்களில் 30, 25, 15, 5 என்று போகும். மொத்தம் 125 சதவிகிதம்! ஓன் டேமேஜ் பிரீமியம் வருஷத்துக்கு 8,000 என்று வைத்துக்கொண்டால் 10,000 ரூபாய். மூவாயிரத்தைக் கைக்காசிலேயே போட்டுத் தட்டியெடுப்பது உத்தமம்.

காரை விற்கும்போது போனஸையும் சேர்த்து விற்றுவிடாதீர்கள். அது உங்களுடையது. கம்பெனியில் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு உதவும். ஸ்கூட்டரில் சேர்த்த போனஸைக் காருக்குப் போட முடியாது. ஒரே வகை வண்டியாக இருக்க வேண்டும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு.

ஃபாரத்தில் 'போனஸ் எவ்வளவு?' என்ற கட்டத்தை மட்டும் ஏஜென்டிடம் விடாமல், பழைய பாலிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே நிரப்புங்கள். அதற்கு பி.காம். தேவையில்லை, மூக்குக் கண்ணாடி இருந்தால் போதும்!