சங்குக்குளியும் உடல்நலமும்

கொற்கை முத்தின் பெருமையைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அம்முத்தைக் கடலடியிலிருந்து எடுத்தவர் யாவர்? கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், தண்டனை பெற்ற கைதிகள் இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. முத்தின் புகழ் உரோமாபுரி வரை சென்றது; மூச்சடக்கி மூழ்கியவர் எவருடைய பெயரும் அந்நூலில் இல்லை.

மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. சங்குக்குளியோ இன்றும் தொடர்கிறது. தூத்துக்குடி திரேஸ்புரம் போன்ற கடலோரப் பகுதிகளில் வாழ்வோர் எடுக்கும் சங்குகள், வங்காளத்துப் பெண்களின் வளையல்களாகின்றன.

முன்னோர் கல்லின் துணையோடு ஒரே மூச்சில் இறங்கி, ஓரிரு நிமிடங்களுக்குள் மேலேறினர். கயிற்றின் மறுமுனையை மைத்துனரே பிடிப்பார் என்பர். தம் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் இருப்பதை அவர் மறப்பாரா? இக்காலத்தில் பலர், படகிலுள்ள கம்ப்ரசர் பொறியிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் கடலடியில் தங்குகின்றனர். ஆபத்து இங்குதான் தொடங்குகிறது.

நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 20 மீட்டர் ஆழத்தில் உடலின்மேல் அமையும் அழுத்தம், கரையில் உள்ளதைப்போல மும்மடங்கு. அந்நிலையில் மூச்சுக்காற்றிலுள்ள நைட்ரசன் குருதியிலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. மெல்ல மேலேறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் பொங்குவதுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். அவை மூட்டுகளில் கடும்வலி தரும். தண்டுவடத்தைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கும், சிறுநீர் கழிப்பதும் தடைபடும். பொறியின் புகை குழாய்க்காற்றில் கலந்துவிட்டால், கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கக்கூடும்.

இது மருத்துவம் அறியாத நோயன்று. எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தவர், மேலேறும்போது எங்கெங்கே நின்று வரவேண்டும் என்னும் அட்டவணைகளை ஸ்காட்லாந்து அறிஞர் ஹால்டேன் 1908ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். நோயுற்றவரை உயர் அழுத்த அறையில் வைத்து ஆக்சிசன் அளிப்பதே உரிய சிகிச்சை. கடற்படையில் மூழ்குவோருக்கு அட்டவணையும் பயிற்சியும் மருத்துவரும் உண்டு. சங்குக்குளியாளருக்கு எடுத்த சங்கே கூலி. நடுநீரில் காத்திருக்கும் நேரம் வருவாயற்ற நேரம். மூட்டுவலியோடு மருத்துவமனைக்குச் செல்பவரிடம், எத்தனை மீட்டர் ஆழம் இறங்கினீர் என்று எவரும் வினவாவிடில், அது சாதாரண வலியாகவே கருதப்பட்டுவிடும். உரிய சிகிச்சைக்குக் காலம் கடந்துவிடும்.

நடு அமெரிக்காவின் ஹொண்டுராசு நாட்டில் கல் இறால் பிடிக்க மூழ்கும் மிஸ்கிட்டோ பழங்குடியினர் பலர் இந்நோயால் முடமாயினர், சிலர் உயிரிழந்தனர். அவர்கள் தொடுத்த வழக்கு, மனித உரிமைகளுக்கான அமெரிக்க நாடுகளின் நீதிமன்றம் வரை சென்றது. தொழிலிடங்களைக் கண்காணிக்கத் தவறிய பொறுப்பை அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. இழப்பீட்டுக்கும் மருத்துவ உதவிக்கும் வழிசெய்யும் உடன்பாட்டை 2021ஆம் ஆண்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.