உடலுக்குள்ளே காட்டும் கருவிகள்

கீழே விழுந்தால் கை வீங்குகிறது. உள்ளே எலும்பு முறிந்திருக்கிறதா? தோலை அறுக்காமல் பார்க்க முடியுமா? முடியும். அதற்காகவே மருத்துவமனையில் எக்ஸ்ரே, ஸ்கேன் கருவிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

எக்ஸ்ரே

1895-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டு அறிஞர் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். இது தசையை எளிதில் ஊடுருவிச் செல்லும். எலும்பு இதைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால் படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். நெஞ்சுப் படத்தில் காசநோயின் அடையாளமும் தெரியலாம். சளியைச் சோதித்து நோயை உறுதி செய்வார்கள்.

இந்தக் கதிர் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கலாம். ஆகவே கர்ப்பிணிகளும், நாள் தள்ளிப்போன பெண்களும் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கூச்சப்படக் கூடாது.

சி.டி. ஸ்கேன்

இதுவும் எக்ஸ்ரே கதிர்தான். உடலைச் சுற்றிலும் இருந்து படம் எடுக்கிறது. வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் பார்ப்பது போல உடலின் உட்பகுதியைக் காட்டுகிறது. தலையில் அடிபட்டால் மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறதா என்று இதில் தெரியும். இதில் கதிர் அதிகம். மருத்துவர் சொன்னால் மட்டுமே எடுக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வரும் அல்லவா? இந்தக் கருவி நம் காதுக்குக் கேட்காத ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. கருவில் குழந்தை நன்றாக வளர்கிறதா என்று பார்க்க இது உதவுகிறது.

ஆனால் ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம். சொல்வதும் குற்றம். பெண் சிசுக்களைக் காக்க 1994-இல் இந்திய அரசு இதற்கெனச் சட்டம் இயற்றியது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன்

இது பெரிய காந்தம். இதிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. மூளை, தண்டுவடம், மூட்டு ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டும். சத்தம் பலமாக இருக்கும். பயப்பட வேண்டாம்.

படம் எடுக்காதபோதும் காந்தம் இழுத்துக்கொண்டே இருக்கும். 2018-இல் மும்பையில் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போனார். காந்தம் இழுத்ததில் உயிரிழந்தார். ஆகவே சாவி, நகை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். துணைக்குச் செல்பவருக்கும் இது பொருந்தும். உடலில் பேஸ்மேக்கர் அல்லது உலோகத் தகடு வைத்திருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

எந்தப் படம் எடுத்தாலும் படத்தையும் அறிக்கையையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அதே படத்தை வீணாக மறுபடியும் எடுக்க வேண்டியிராது. பணமும் மிஞ்சும்.