ஆறு வேன்களுக்கும் ஒரே நேரத்தில் மின்னேற்றலாமா?

2022 இல் டீசல் வரிசையில் நாட்கணக்காகக் காத்துநின்ற எமது வியாபாரிகள் பலர், 2025 இல் வாகன இறக்குமதிக்கு மீண்டும் இடமளிக்கப்பட்ட பின்னர் மின்சார வேன்களைப் பற்றி விசாரித்து வருகின்றனர். விலை என்ன, ஒருமுறை ஏற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்றுதான் எல்லோரும் கேட்கின்றனர். பல வாகனங்களை வைத்து விநியோகம் செய்பவர் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று. இத்தனைக்கும் எப்போது, எந்த ஒழுங்கில் மின்னேற்றுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த வியாபாரி ஒருவரிடம் ஆறு சிறிய வேன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தினமும் 80 கிலோமீற்றர் ஓடுகின்றது. சுமையோடு ஓர் அலகுக்கு 5 கிலோமீற்றர் என்று வைத்தால் ஒரு வேனுக்கு 16 அலகு, ஆறுக்கும் 96 அலகு தேவை.

மாலை 7 மணிக்கு எல்லாம் திரும்பி வருகின்றன. சாரதிமார் வண்டியை நிறுத்தியதும் வயரைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 32 அம்பியர் சார்ஜர் ஒன்று 7.4 கிலோவொட் இழுக்கும். ஆறும் சேர்ந்தால் 44 கிலோவொட். மூன்று பேஸ் 60 அம்பியர் இணைப்பில் பேஸுக்கு இரண்டாகப் பிரித்தாலும் 64 அம்பியர் வந்து மெயின் விழுந்துவிடும். கடையிலுள்ள குளிரூட்டியும் சேர்ந்து நின்றுவிடும். சரி, பெரிய இணைப்பு எடுப்போம் என்றால் 42 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட பிரிவுக்குள் போக நேரிடும். அங்கே அலகுக்கான கட்டணத்துடன், மாதத்தில் ஏறிய மிக உயர்ந்த கே.வி.ஏ. அளவுக்கும் தனியாக அறவிடுவார்கள். ஒரே ஒரு மாலை எல்லாவற்றையும் சேர்த்துச் செருகினாலும் அந்த மாதப் பட்டியலில் அது நிற்கும்.

இதே 96 அலகை இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை ஏற்றினால் கணக்கே வேறு. ஏழு மணித்தியாலம் கிடைக்கின்றது. ஒரு வேனுக்கு 10 அம்பியர், அதாவது 2.3 கிலோவொட் கொடுத்தாலே 16 அலகு ஏறிவிடும். ஆறும் சேர்ந்து 14 கிலோவொட்தான். பேஸுக்கு 20 அம்பியர். மூன்று பேஸ் 30 அம்பியர் இணைப்பே போதும், குளிரூட்டிக்கும் விளக்குக்கும் 10 அம்பியர் மிஞ்சும்.

நேரவாரிக் கட்டணம் உள்ளவர்களுக்கு இந்த ஏழு மணித்தியாலமே மலிவானது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையே அதிக விலை. உங்கள் பட்டியலில் விலை மூன்றாகப் பிரிந்திருக்கின்றதா, ஒன்றாக இருக்கின்றதா என்று பாருங்கள். ஒரே விலை என்றால் இரவில் ஏற்றுவதால் அலகின் விலை குறையாது. ஆனால் சிறிய இணைப்பிலேயே காரியம் முடிகின்றதல்லவா, அதுவே பெரிய மிச்சம்.

ஒழுங்கு என்று சொன்னேன். எது முதலில் வந்தது என்று பார்க்கக் கூடாது, எது முதலில் போகின்றது என்று பார்க்க வேண்டும். பேலியகொட மீன் சந்தைக்கு அதிகாலை 3 மணிக்குப் புறப்படும் வேனுக்கு நாலரை மணித்தியாலம்தான் உண்டு. அதற்கு 16 அம்பியர் கொடுங்கள், நிறைந்துவிடும். அதே பேஸில் காலை 8 மணிக்குப் போகும் வேனை வைத்து, 3 மணிக்குப் பின் அதற்கும் 16 அம்பியர் கொடுத்தால் 7.30க்கு ஆயத்தம். கடைசி இரண்டு மணித்தியாலம் பகல் விலையில் வரும், பாதகமில்லை. இரவுக் காவலாளியை எழுப்பவும் தேவையில்லை, பெரும்பாலான மின்சார வாகனங்களிலேயே நேரம் குறித்து வைக்கலாம்.

பெரிய கம்பனிகளும் இதைத்தான் செய்கின்றன. லண்டனில் யூ.பி.எஸ். நிறுவனம் தனது நிலையமொன்றில் 65 மின்சார வாகனங்களுக்குத்தான் மின்சாரம் போதும் என்றிருந்த நிலையில், சுமையைப் பகிரும் முறையொன்றால் அங்குள்ள 170 வாகனங்களையும் மின்சாரத்துக்கு மாற்ற முடியும் என 2018 இல் அறிவித்தது. அங்கே கணினி பார்க்கின்றது. ஆறு வேனுக்குச் சுவரில் ஒரு பலகை போதும்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். 40 அலகு கொள்ளும் பற்றரியில் தினமும் 16 தான் செலவாகின்றது. ஆகவே ஓர் இரவு தவறினாலும் மறுநாள் ஓட்டம் நிற்காது. வாங்கும்போது நாளாந்த ஓட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது பற்றரியைப் பாருங்கள்.

சாதாரண பிளக் பொயின்டில் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு இரவு முழுவதும் ஏற்ற வேண்டாம். 10 அம்பியர் ஏழு மணித்தியாலம் தொடர்ந்து ஓடினால் பழைய வயர் சூடேறி உருகும். ஒவ்வொரு வேனுக்கும் தனி வயர், தனி பிரேக்கர் என்று தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு செய்வியுங்கள். அந்தச் செலவை வேனின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.